புதுச்சேரியில் வீட்டுத் தோட்டத்துக்குத் தவளை வருகிற மாதிரி சின்னக் குளம் வெட்டுவது எப்படி? கொசு பெருகாதா?

லாஸ்பேட்டையில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, அதில் சின்னக் குளம் வெட்டினால் தவளை வருமா, கொசுவுக்காகக் கப்பி மீன் வாங்கி விடலாமா, டெங்கு வந்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கடலூர், கூத்தப்பாக்கம் பக்கம். எங்கள் கொல்லையில் உள்ள குளம் பல மழைக்காலங்களைப் பார்த்துவிட்டது. நம் இரண்டு ஊருக்கும் மழையும் வெயிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் இங்கே நடப்பது அங்கேயும் நடக்கும்.

முதலில் மீன் விஷயம். விடாதீர்கள். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்க வேண்டாம்.

வயலோரக் குட்டை, காலி மனையில் தேங்கும் தண்ணீர், செங்கல் சூளைக்கு மண்ணெடுத்த பள்ளம் என்று தவளைகள் தேடிப்போய் முட்டையிடும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். எல்லாமே சித்திரை வைகாசியில் காய்ந்துவிடுகிறவை. காய்கிற குட்டையில் மீன் நிலைக்காது. மழை விழுந்ததும் நிரம்பும், இரண்டு மூன்று மாதம் தண்ணீர் நிற்கும். முட்டை பொரிந்து, தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்துக் கரையேற அந்தக் காலம் போதும். கப்பியும் கம்பூசியாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மீன்கள். கொசுப்புழுவைத் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் தவளை முட்டையையும், பொரித்து ஓரிரு நாளே ஆன தலைப்பிரட்டையையும் சேர்த்தே தின்னும். கிணற்றுக்கும் மூடமுடியாத சிமெண்ட் தொட்டிக்கும் அவை சரி. தங்கமீன், கெண்டை இவற்றுக்கும் இதே பதில்தான். மீன் உள்ள தொட்டியில் பெரும்பாலும் தப்பிப்பது தேரையின் கறுப்புத் தலைப்பிரட்டை மட்டும்தான், அதன் உடம்பில் உள்ள நஞ்சு மீனுக்குப் பிடிக்காது.

மீன் இல்லையென்றால் கொசு? எதிர்வீட்டு அம்மா குழி தோண்டும்போதே வந்து, "ஏன் தம்பி, வேலியில போற ஓணானை எடுத்து விட்டுக்கறீங்க, டெங்கு வந்துடாதா?" என்று கேட்டார். நியாயமான பயம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது பெரும்பாலும் டிரம், பழைய டயர், கொட்டாங்குச்சி, பூந்தொட்டிக்குக் கீழே வைக்கிற தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு போன்ற இடங்களில். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுவுக்குச் சாக்கடையும் செப்டிக் டேங்கும்தான் வீடு. மண்ணும் செடியும் உள்ள குளத்தில் தட்டாம்பூச்சியின் குஞ்சுகள், மல்லாந்து நீந்தும் பூச்சிகள், நீர்வண்டுகள் எல்லாம் தானாகவே வந்து சேரும். இவை கொசுப்புழுவை விட்டுவைக்காது.

சிக்கல் வருவது முதல் சில வாரங்களில்தான். தண்ணீர் இருக்கும், வேட்டையாடும் பூச்சிகள் இன்னும் வந்திருக்காது. நம் வெயிலுக்கு முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் வாரம் இரண்டு தடவை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கப்பில் ஓரத்துத் தண்ணீரை அள்ளிப் பாருங்கள். நெளிகிற புழு தெரிந்தால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தைப் பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவுக்குப் போடுங்கள். அது கொசுப்புழுவின் குடலில் வேலை செய்யும், தலைப்பிரட்டையை ஒன்றும் செய்யாது. இந்த மருந்தில் நெடுங்காலம் ஆராய்ச்சி செய்த கொசு ஆராய்ச்சி மையம் உங்கள் ஊரில், இந்திரா நகரிலேயே இருக்கிறது, 1975இல் தொடங்கியது. கழிவு எண்ணெய், மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர் எதுவும் குளத்துப் பக்கமே வரக்கூடாது. தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீரில் எது கலந்தாலும் அது நேராக உடம்புக்குள் போய்விடும். செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிற பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், அப்புறம் குளத்தைப் பற்றி யோசிக்கலாம்.

இப்போது தோண்டுவதற்கு வருவோம். ஆவணிக்குள் வேலை முடிந்துவிட வேண்டும். ஐப்பசி அடைமழை தொடங்கும்போது குளம் கொஞ்சம் பழசாகி, செடி வேர்விட்டிருந்தால் நல்லது. காலை வெயில் படுகிற, மதியத்துக்கு மேல் சுவர் நிழலோ மர நிழலோ விழுகிற இடமாகப் பாருங்கள். வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் இடம் இருந்தால் அதுவே பொருத்தம். தென்னைக்கு நேர் கீழே வேண்டாம், மட்டை விழுந்து ஷீட் கிழியும்.

எட்டடி நீளம், ஆறடி அகலம், நடுவில் இரண்டடி ஆழம் தாராளமாகப் போதும். ஆழத்தைவிட முக்கியம் சரிவு. ஒரு பக்கமாவது தட்டு மாதிரி மெல்லச் சரிந்து தண்ணீரில் இறங்க வேண்டும், கால் முளைத்த குஞ்சு நடந்தே வெளியேறுகிற மாதிரி. வால் இன்னும் சுருங்காத நிலையில், கட்டைவிரல் நகம் அளவே உள்ள குஞ்சால் செங்குத்தான சுவரில் ஏற முடியாது. வாலைச் சுமந்துகொண்டு நீந்தவும் சிரமப்படும், மூச்சுக்கும் மேலே வந்தாக வேண்டும். ஓரம் செங்குத்தாக இருந்தால் அங்கேயே மூழ்கிச் செத்துப்போகும். உங்கள் வீட்டில் திறந்த சம்ப் இருந்தால் அதையும் மூடுங்கள், மூட முடியாவிட்டால் ஒரு பலகையையாவது சாய்த்து வையுங்கள்.

லாஸ்பேட்டை, கோரிமேடு பக்கமெல்லாம் செம்மண். தண்ணீர் நிற்காது. பாகூர்ப் பக்கத்து வண்டல் மண்ணாக இருந்தால் களியை மிதித்துப் பூசியே நிறுத்திவிடலாம். உங்களுக்கு சில்பாலின் ஷீட் வேண்டும், பண்ணைக்குட்டைக்கும் அசோலாத் தொட்டிக்கும் விரிப்பார்களே, அதே ஷீட். நீளத்தோடு ஆழத்தை இரண்டு மடங்காகக் கூட்டி, ஓரத்தில் புதைக்க இரண்டடி சேர்த்தால் மேலே சொன்ன அளவுக்கு 14 அடிக்கு 12 அடி வரும். கூர்கல்லைப் பொறுக்கிவிட்டு, ஓர் அங்குலம் மணல், அதன்மேல் பழைய சாக்கு, அதன்மேல் ஷீட். ஷீட்டின் மேல் மறுபடியும் தோட்டத்து மண் போடுங்கள், வெயில் நேரடியாகப் பட்டால் சீக்கிரம் மக்கிவிடும். சிமெண்ட் தொட்டிதான் வேண்டுமென்றால் கட்டியதும் தண்ணீரோடு வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, சில தடவை மாற்றிக் காரம் இறங்கிய பிறகுதான் செடியே வைக்க வேண்டும்.

தண்ணீருக்கு மழைதான் முதல் தேர்வு. 500 சதுர அடி மாடியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1100 லிட்டருக்கு மேல் கிடைக்கும், இந்தக் குளம் கிட்டத்தட்ட நிரம்பிவிடும். முதல் மழையில் மாடித் தூசியும் காக்கை எச்சமும் வரும், அதைத் தெருவுக்கு விட்டுவிட்டு அடுத்த மழையைத் திருப்புங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றலாம். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதை ஊற்றவே கூடாது. தவளைக்கு உப்பு ஆகாது. வழிந்தோட ஒரு பள்ளமும் விடுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் எவ்வளவு பெய்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

செடி அதிகம் வேண்டாம். நடுவில் ஒரு அல்லி, தண்ணீருக்குள் வேலம்பாசி, ஓரத்தில் வல்லாரை, நீர்ப்பிரம்மி, பொன்னாங்கண்ணி, ஒரு மூலையில் கோரை. வெங்காயத் தாமரையைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஒரே பருவத்தில் குளத்தை மூடிவிடும். குளத்துக்கு வெளியேதான் தவளையின் முக்கால்வாசி வாழ்க்கை. சரிவுக்குப் பக்கத்தில் உடைந்த பானை, அடுக்கிய செங்கல், ஈரமான சருகுக் குவியல் இருக்கட்டும்.

தவளையைப் பிடித்துவந்து விட வேண்டாம். பெரிய தவளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ள உயிர். தவளைக்கால் ஏற்றுமதியையே 1987இல் நாடு தடை செய்தது. அது தவிர, வேறு இடத்திலிருந்து நோயையும் கூடவே கொண்டுவருவோம். தானாக வருவதற்கு நம் தெருக்களில் இன்னும் தவளை இருக்கிறது. முதலில் வருவது பெரும்பாலும் கண்ணை மட்டும் வெளியே நீட்டி மிதக்கிற சிறிய தவளை, கிட்டே போனால் தண்ணீர்மேலேயே தத்தித் தத்திப் பாயும். தேரை வந்தால் கறுப்பு மணி கோத்த பசைக்கயிறு மாதிரி முட்டை செடியைச் சுற்றிக் கிடக்கும். பெரிய தவளை பெருமழை இரவில் வரும். ஆண்கள் உடம்பெல்லாம் மஞ்சளாகி, தொண்டையின் இரு பக்கமும் நீலப் பை உப்பக் கத்தும். அந்த இரவில் தூக்கம் கெடும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பிடித்தது மரத்தவளை. பகலில் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தப் பழுப்பு நிறத் தவளைதான். பெண் தவளை பின்னங்காலால் பசையைக் கடைந்து நுரையாக்கி, தண்ணீருக்கு மேலே நீட்டியிருக்கும் இலையிலோ சுவரிலோ ஒட்டி அதற்குள் முட்டையிடும். மறுநாள் காலை பார்த்தால் மேல்பக்கம் காய்ந்து தோல் கட்டியிருக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். சில நாட்களில் அடிப்பக்கம் இளகி, வெளிறிய குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குளத்தில் சொட்டும். யாரோ துப்பிவைத்த எச்சில் என்று நினைத்துக் கழுவிவிடுகிறார்கள், வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். இதற்காகவே தண்ணீர்மேல் சாய்கிற மாதிரி ஒரு கல்வாழை வைக்கலாம்.

பாம்பு வருமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தண்ணீர்ப் பாம்பு வரலாம், அதற்கு நஞ்சு கிடையாது. நல்ல பாம்பு தவளையையும் தின்னும், ஆனால் வீட்டுப் பக்கம் அதை அதிகம் இழுப்பது எலி. எலி வராமல் பாருங்கள், செங்கல் குவியலை வாசற்படியிலிருந்து தள்ளி வையுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். நடக்கப் பழகும் குழந்தை இருந்தால் குளத்தைச் சுற்றிக் கம்பிவலை கட்டாயம், இரண்டடித் தண்ணீர் குழந்தைக்கு ஆபத்து. நாய் தேரையைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும், உடனே வாயைத் தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கோடையில் தண்ணீர் இறங்கினால் பதற வேண்டாம். கத்திரி வெயிலில் அடியில் சேறு மட்டும் இருந்தாலும் பரவாயில்லை, வழிதவறி வந்த மீன் ஏதாவது இருந்தால் அதுவும் போய்விடும். தலைப்பிரட்டை இருக்கும்போது மட்டும் வற்றவிடாதீர்கள்.

ஐப்பசி முடிந்தும் ஒன்றும் வரவில்லையென்றால் குளத்தை நோண்டாமல் சுற்றுச்சுவரைப் போய்ப் பாருங்கள். இப்போது எல்லோரும் மனையை மண்ணடித்து உயர்த்தி, நாலு பக்கமும் சுவர் வைத்து, கேட்டுக்கு அடியில் இரும்புத் தகடும் வைத்துவிடுகிறோம். பக்கத்துக் காலி மனையில் கத்துகிற தவளைக்கு உள்ளே வர வழியே இல்லை. அந்தப் பக்கச் சுவரில் தரைமட்டத்தில் ஒரு செங்கலை உருவிவிடுங்கள், எலி நுழையக்கூடாது என்று அதில் சின்னக் கண் உள்ள வலையெல்லாம் அடிக்கப் பார்க்காதீர்கள், பெரிய தவளை அதில் நுழையாது. வெளிப்பக்கம் உயரம் அதிகமென்றால் இரண்டு கூடை மண்ணைச் சரிவாகக் கொட்டினால் போதும்.