கடற்பாசி மாத்திரை சாப்பிட்டால் சர்க்கரை குறையுமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கும் என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். கடற்பாசிச் சாறு அடைத்த மாத்திரை சர்க்கரையைக் குறைக்கும், ஆராய்ச்சியிலேயே நிரூபித்துவிட்டார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அதைவிட முக்கியம், அப்பா இப்போது சாப்பிடும் மருந்தை இதை நம்பி ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.

ஆராய்ச்சி நடந்தது பொய் இல்லை. வேலூரில் உயிர்வேதியியல் படித்தபோது நானும் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் கட்டக்கோரை என்ற பழுப்புப் பாசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுவோம். மெத்தனாலை ஆவியாக்கினால் அடியில் பிசுபிசுவென்று கொஞ்சம் சாறு நிற்கும். டிபிபிஎச் என்ற ஊதாக் கரைசலில் அதை விட்டால் நிறம் வெளுத்து மஞ்சளாகும். உடனே 'ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் (ஆன்டிஆக்சிடன்ட்) உண்டு' என்று குறித்துக்கொள்வோம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிற நொதியை அந்தச் சாறு தடுக்கிறதா என்று அடுத்த குழாயில் பார்ப்போம். ஓரளவு தடுக்கும். அகார்போஸ் என்ற சர்க்கரை மருந்து வேலை செய்வதும் இதே வழியில்தான். அதனால் இந்த ஆராய்ச்சி தேவை, தொடர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் குழாயில் நொதியும் சாறும் நேருக்கு நேர் நிற்கின்றன. வயிற்றுக்குள் போனால் அமிலம், குடல் நுண்ணுயிர்கள், கல்லீரல் எல்லாம் குறுக்கே வரும். பழுப்புப் பாசியில் உள்ள ஃபியூகோய்டான் என்ற பொருள் பெரிய மூலக்கூறு. வாயால் சாப்பிட்டால் மிகக் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும். மஞ்சளின் குர்குமினுக்கும் இதே சிக்கல் உண்டு.

சேர்ந்தாலும் நல்லதுதான் செய்யும் என்று உறுதி கிடையாது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பார்த்து, காரணம் அவற்றில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்தான் என்று நினைத்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து, அதை மாத்திரையாகக் கொடுத்துச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தது: அந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையையும் இதே காரணத்தால் 1996இல் பாதியில் நிறுத்தினார்கள். காயில் இருந்தபோது ஒரு தொல்லையும் தராத பொருள் அது. 'இயற்கைப் பொருள்தானே, என்ன செய்துவிடும்' என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

கடற்பாசிக்கு இன்னும் இரண்டு தனி ஆபத்துகள் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். சில பழுப்புப் பாசிகளில் ஒரு கிராமிலேயே அதைத் தாண்டிவிடும், தைராய்டு தடுமாறும். அடுத்தது ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள். கட்டக்கோரையின் இனத்தைச் சேர்ந்த ஹிஜிகி என்ற பாசியைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2004இல் எச்சரித்தது இதனால்தான்.

ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் நோன்பு திறக்கும்போது வைக்கிற கடல்பாசியை நினைத்துப் பயப்பட வேண்டாம். அது சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் அகர், வெறும் நார்ச்சத்து. அப்பா கவனிக்க வேண்டியது அதில் போடும் சர்க்கரையைத்தான்.

சத்துள்ள உணவு வேண்டுமென்றால் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயும் முருங்கைக்கீரையும் பக்கத்திலேயே கிடைக்கின்றன. கத்திரிக்காயில் குளோரோஜெனிக் அமிலம் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள் இருக்கிறது, நிறைய ஆய்வுகளும் உண்டு. நாளைக்கு யாராவது அதை மாத்திரையாக்கி விற்றாலும் என் பதில் இதேதான். குழம்பில் போட்டுச் சாப்பிடட்டும். கேழ்வரகுக் களி நல்லது, ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். உருண்டையின் அளவைக் குறைத்து, கீரையைக் கூட்டச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாங்கி அப்பா சாப்பிட ஆரம்பித்திருந்தால், அந்த டப்பாவை அப்படியே மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். தைராய்டுக்கோ, ரத்தம் உறையாமல் இருப்பதற்கோ அப்பா மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள்.