கூரியரில் அனுப்பிய பொருள் தொலைந்தால் முழு மதிப்பும் கிடைக்குமா?

பல சமயம் கிடைப்பதில்லை. காரணம், ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பொறுப்பு வரம்பு, அதாவது இழப்பீடாக நிறுவனம் அதிகபட்சம் இவ்வளவுதான் தரும் என்ற நிபந்தனை. 1996இல், பாரதி நிட்டிங் நிறுவனம் DHL கூரியர் மீது தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அனுப்புநர் கையெழுத்திட்ட அந்த நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி, இழப்பீட்டை 100 டாலரோடு நிறுத்தியது. கையெழுத்தே வாங்காத ரசீது என்றால் வாதாட இடமுண்டு. ஆகவே விலை உயர்ந்த பொருளுக்கு மதிப்பை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், காப்பீடும் கேளுங்கள்.

உடைந்து வந்தால் முதல் பத்து நிமிடம்தான் முக்கியம். என் அம்மா அனுப்பிய ஊறுகாய் ஜாடி விரிசலோடு வந்தது. பெட்டியின் ஒரு மூலை எண்ணெயில் ஊறியிருந்தது. "நல்ல நிலையில் பெற்றேன்" என்ற வரியின் கீழ் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிறகு என் புகார் எடுபடவில்லை. நீங்கள் "பெட்டி சேதம்" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்; பிரிக்கும்போதே படம் எடுங்கள்.

அடுத்து, நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. தாமதத்துக்கு இழப்பீடு கேட்பதென்றால், அதனால் நேர்ந்த நஷ்டத்துக்கு ஆதாரம் வேண்டும்.