கைவிடப்பட்ட பழைய அமெரிக்கச் சவ ஊர்திகள்: எங்கே தேடுவது, எதைக் காப்பாற்றுவது?

அமெரிக்காவில் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய சவ ஊர்திகளையும் ஆம்புலன்ஸ்களையும் எங்கே தேடலாம், எவை மீட்கத் தகுந்தவை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சிற்றூர்களின் இறுதிச்சடங்கு நிலையங்களில் விசாரியுங்கள். 1970கள் வரை பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களும் அவர்கள்தான். சில இடங்களில் ஒரே வண்டி இரண்டு வேலைக்கும் போனது. அப்படிப்பட்ட வண்டி கண்ணில் பட்டால் விடாதீர்கள். அடுத்து பண்ணைக் கொட்டகைகள், காயலான் கடைகள்.

குறைந்த தூரமே ஓடிய வண்டி என்பதற்காக மயங்கிவிட வேண்டாம்; என்ஜினைவிட மேற்கூட்டின் நிலைதான் முக்கியம். கார் நிறுவனமான காடிலாக், என்ஜினோடு நீண்ட சேஸியை (வண்டியின் அடிச்சட்டத்தை) கொடுத்தது. ஒஹாயோவின் மில்லர்-மீட்டியர், சுப்பீரியர் போன்ற நிறுவனங்கள் அதன்மேல் வண்டியின் மேற்கூட்டைக் கட்டின. அதனால் என்ஜின் பாகங்கள் தேடினால் கிடைத்துவிடும். குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட பின்கதவும் பக்க ஜன்னல் கண்ணாடியும் அப்படியல்ல. ஓடாத என்ஜினைவிட உடைந்த கண்ணாடியே பெரிய இழப்பு என்பேன்.

வினைல் உறை ஒட்டிய கூரையின் ஓரத்தை விரலால் அழுத்துங்கள். நறநறவென்றால் அடியில் துரு. சவப்பெட்டியை உருட்டி ஏற்றும் உருளைகள் பதித்த தளத்தின் அடிப்பகுதியையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கார்களை மோதவிடும் போட்டிகளில், சேஸி உறுதியானது என்பதற்காகவே இவற்றில் பலவற்றை நொறுக்கினார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

உரிமை ஆவணம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். உதிரிபாகங்களுக்கும் ஆலோசனைக்கும் இத்தகைய வண்டிகளின் ஆர்வலர்களுக்காக 1976இல் தொடங்கப்பட்ட புரொபஷனல் கார் சொசைட்டி என்ற சங்கத்தின் உறுப்பினர்களை அணுகலாம்.