பெர்மிட் தொலைந்தது, காணி தொலையவில்லை

கேள்வி: விசுவமடுவில் கணவர் பெயரில் எல்.டி.ஓ. பெர்மிட் காணி (இலங்கைக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி). 2009 இடப்பெயர்வில் பெர்மிட் தொலைந்துவிட்டது. மீள்குடியேறி அங்கேயே இருக்கிறேன். கணவர் போன வருடம் காலமானார். பின்னுரித்தாளராக (அவருக்குப் பிறகு காணிக்கு உரியவராக) அவருடைய தம்பியின் பெயர்தான் பதிவாம். புதுப் பெர்மிட் எடுத்துத் தருவதாக ஒரு தரகர் காசும் அற்றோணித் தத்துவமும் (என் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம்) கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, இரண்டுமே வேண்டாம்.

தொலைந்தது உங்கள் கையிலிருந்த தாள் மட்டும். எந்தத் துண்டு, யாருக்கு, பின்னுரித்து யாருக்கு என்பதெல்லாம் பிரதேச செயலகக் காணிப் பிரிவின் லெட்ஜரில் (பதிவேட்டில்) பதிந்திருக்கும். பொலிஸில் தொலைந்த முறைப்பாடு போட்டுப் பிரதி எடுங்கள். கிராம அலுவலரின் கடிதம், மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் ஆகியவற்றின் போட்டோப் பிரதிகளோடு பிரதேச செயலருக்கு மனுக் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பவே கூடாது.

“பைல் தேடுகிறோம்” என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். லெட்ஜரில் உள்ள ஒரு வரியைக் காட்ட ஒரு பெண்ணை இத்தனை தரம் அலைக்கழிப்பது அநியாயம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். “காணி விபரம் தருக” என்று பொதுவாக எழுதினால் மழுப்பல் பதில்தான் வரும். “இன்னாருடைய பெர்மிட் லெட்ஜர் பக்கத்தின் உறுதிப்படுத்திய பிரதி” என்றே கேளுங்கள். லெட்ஜர் அழிந்திருந்தால் கமநல சேவை நிலையத்தின் வயல் பதிவும் பழைய வாக்காளர் இடாப்பும் கைகொடுக்கும்.

கொழுந்தனாரின் பெயருக்குப் பயப்படவேண்டாம். பின்னுரித்தாளராக யார் பெயர் இருந்தாலும், உயிரோடிருக்கும் மனைவிக்கே முதலில் உரிமை. உங்கள் காலம் வரை காணியில் இருக்கலாம், பயிர் செய்யலாம். ஆனால் பெயர் குறிக்கப்படாத மனைவி காணியைக் கைமாற்ற முடியாது; புதுப் பின்னுரித்தாளரை நியமிக்கவும் முடியாது. உங்களுக்குப் பிறகு அது தம்பிக்குப் போகும். பிள்ளைகளுக்கு இதை இப்போதே சொல்லிவையுங்கள். கணவர் இறந்து ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்காத மனைவி உரிமையை இழப்பார். நீங்கள் அங்கேயே குடியிருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. கிராம அலுவலரின் கடிதத்தில் அது எழுதப்பட்டிருக்கட்டும்.

இனி அந்தத் தரகர். அற்றோணி கொடுத்தால் அலுவலகத்தில் உங்கள் பெயரில் அவர் கையெழுத்து வைப்பார், உங்கள் மனுவையே மீளப்பெறுவார், காணியை இன்னொருவருக்குக் காட்டி முற்பணமும் வாங்குவார். பிரதேச செயலரின் எழுத்துமூல அனுமதியில்லாத விற்பனை செல்லாது. ஆனால் வாங்கியவர் வேலி போட்டுக் குந்திவிட்டால், அவரை எழுப்ப வழக்குக்கு அலையப்போவது நீங்கள்தான். ஏற்கெனவே கையெழுத்து வைத்திருந்தால் நொத்தாரிசிடம் இரத்து எழுதுவித்து, பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிந்து, ஒரு பிரதியைக் காணிப் பிரிவில் கொடுங்கள்.