எத்தனை பைட், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை? சென்சார் நெட்வொர்க் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறை. சென்சார் வைக்கப் போகிறேன், எந்த நெட்வொர்க் நல்லது என்று கேட்கிறீர்கள். ஒரு தடவைக்கு எத்தனை பைட், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எவ்வளவு தூரம், கரன்ட் உண்டா பேட்டரியா என்று எழுதுவதில்லை. இந்த நான்கும் தெரியாமல் நான் எதைச் சொன்னாலும் அது ஊகம்தான். இவற்றை ஒழுங்காக எழுதியவரிடமிருந்து தொடங்குகிறேன்.

பொள்ளாச்சி வாசகர்: 40 ஏக்கர் தென்னந்தோப்பு. 25 இடங்களில் மண் ஈரம் பார்க்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை 12 பைட், பேட்டரியில் ஓட வேண்டும், அதிகபட்ச தூரம் 900 மீட்டர். கடைக்காரர் வைஃபை ரிப்பீட்டர் போடச் சொல்கிறார்.

வைஃபை வேண்டாம், லோராவான் (குறைந்த கரன்டில் சின்னச் செய்திகளை வெகுதூரம் அனுப்பும் லோரா ரேடியோ நெட்வொர்க்) போடுங்கள். எல்லாச் சென்சார்களின் செய்தியையும் வாங்கி இணையத்துக்கு அனுப்பும் கேட்வே ஒன்று போதும். 865 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு இங்கே அலைவரிசை உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் வாங்கும்போது 433, 915 என்று எழுதியிருப்பதை மலிவு என்று எடுத்துவிடாதீர்கள். மென்பொருளிலும் இந்தியாவுக்கான 865 அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

ஆன்டெனாவின் உயரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 900 மீட்டர் பாதையின் நடுவே, நேர்கோட்டைச் சுற்றிச் சுமார் 9 மீட்டருக்கு அலை தடையில்லாமல் போக இடம் வேண்டும். தோப்புக்குள் அது கிடைக்காது. ஆகவே கேட்வே ஆன்டெனாவைத் தண்ணீர்த் தொட்டி மேல், மட்டைகளுக்கு மேலே நிற்கும்படி ஏற்றுங்கள். சென்சார் பெட்டியையும் தரையில் வைக்காமல் ஆளுயரக் கம்பத்தில் மாட்டுங்கள்.

ஆன்டெனா நன்றாக இருந்தால் சாதனம் எஸ்எஃப்7 என்ற வேகமான படியில் பேசும். மோசமாக இருந்தால் மிக மெதுவான எஸ்எஃப்12க்கு இறங்கும். உங்கள் 12 பைட்டுக்கு எஸ்எஃப்12இல் ஒன்றரை விநாடி ரேடியோ எரிகிறது. எஸ்எஃப்7இல் அதில் இருபதில் ஒரு பங்கு கூட ஆகாது. பேட்டரி எத்தனை வருடம் வரும் என்பதை அந்த ஆன்டெனாக் கம்பம்தான் முடிவு செய்கிறது.

ஒவ்வொரு செய்திக்கும் ஒப்புகை ("கிடைத்தது" என்ற பதில்) கேட்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். கேட்வே பதில் அனுப்பும் நேரத்தில் அதற்குக் காது கேட்காது. மற்ற 24 பேரும் அப்போது வீணாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். மண் ஈரம் ஒரு தடவை தவறினால் அரை மணியில் அடுத்தது வந்துவிடும்.

பொறியியல் மாணவர்: எதிர்கால இணையக் கட்டமைப்பும் ஐஓடியும் (சாதனங்கள் பேசிக்கொள்ளும் இணையம்) பற்றி முழு விவரம் அனுப்பவும். அவசரம்.

முழு விவரம் என்று ஒன்று கிடையாது. எந்தப் பகுதி புரியவில்லை என்று எழுதினால்தான் உதவ முடியும். இருந்தாலும் தொடங்குவதற்கு ஒரு நுனி தருகிறேன்.

இன்றைய இணையம் "யாரிடம் பேச வேண்டும்" என்று கேட்கிறது. அதற்குத்தான் ஐபி முகவரி. இணைய ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 2009 வாக்கில் அமெரிக்காவின் பார்க் (PARC) ஆய்வகத்தில் முன்வைத்த வழி "எந்தத் தரவு வேண்டும்" என்று கேட்கிறது. 2010இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை எதிர்கால இணையத்துக்காக நிதி கொடுத்த நான்கு திட்டங்களில் இந்த வழியில் வந்த என்டிஎன் (பெயர் சொல்லித் தரவு கேட்கும் நெட்வொர்க்) ஒன்று. மற்றவை மொபிலிட்டிஃபர்ஸ்ட், நெபுலா, எக்ஸ்ஐஏ.

சென்சாருக்கு இது ஏன் பிடிக்கும் என்றால், சென்சார் பெரும்பாலும் தூங்குகிறது. "வயல் 3, ஈரம்" என்று பெயர் சொல்லிக் கேட்டால், தூங்குகிறவரை எழுப்பாமல் பக்கத்து ரவுட்டர் தன்னிடம் சேமித்த கடைசி அளவைக் கொடுத்துவிடலாம். தரவிலேயே கையொப்பம் இருப்பதால் யார் கொடுத்தாலும் நம்பலாம். சிக்கலும் உண்டு. கேட்டால்தான் தரவு நகரும் என்பதால் தீ எச்சரிக்கை போலத் தானாகக் கத்த வேண்டியவற்றுக்கு இது இயல்பாகப் பொருந்தாது. நீளமான பெயர்களும் சின்ன ரேடியோ சட்டத்தில் (ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொதியில்) பெரிய இடத்தைத் தின்னும். இந்த இரண்டு சிக்கலில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல புராஜெக்ட் ஆகும்.

ஒவ்வொரு பல்புக்கும் ஒரு ஐபி வி6 முகவரி அவசியமா?

அவசியம் என்பதைவிட, வசதி. பழைய முகவரி முறையான ஐபி வி4இல் மொத்தமே 430 கோடி முகவரிகள்; புதிய வி6இல் அந்தத் தட்டுப்பாடு இல்லை. உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதற்குப் பிறகு ஒரே முகவரிக்குப் பின்னால் பலரை ஒளித்து வைத்துத்தான் ஓட்டுகிறோம். "சின்ன சாதனத்துக்கு ஐபி வி6 பாரம்" என்பது பழைய பேச்சு. சின்ன சாதனங்கள் பேசும் ஜிக்பி, திரெட் வகை ரேடியோவில் ஒரு சட்டம் 127 பைட். ஐபி வி6 தலைப்பு (செய்திக்கு முன்னால் முகவரிகள் எழுதிய பகுதி) மட்டுமே 40 பைட் என்பது உண்மைதான். ஆனால் 6லோபேன் என்ற முறை அந்தத் தலைப்பைச் சில பைட்டுகளுக்குச் சுருக்கிவிடும். அதற்கான தரநிலை 2007லேயே வந்துவிட்டது. முகவரி இருக்கிறது என்பதற்காக வெளியிலிருந்து யாரும் தட்டலாம் என்று விடாதீர்கள். ரவுட்டரில் உள்வரும் தொடர்பை மூடியே வையுங்கள்.

சேலம் வாசகர்: என் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறக்க முடியவில்லை. நெட் கம்பெனி பொது ஐபி தர மறுக்கிறது.

நல்லதாகப் போயிற்று. திறக்காதீர்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அது தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் அறுபது சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த அக்டோபரில் டைன் நிறுவனத்தின், தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்களை அந்தக் கேமராக்கள் சேர்ந்து தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை பலருக்குத் திறக்கவில்லை. வீட்டுக்குள் நுழைய, போர்ட் திறக்கத் தேவையில்லாத வகை விபிஎன் (பூட்டிய தனிவழி) வையுங்கள், கேமராவைத் தனி வைஃபையில் போடுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் இதை எழுதுகிறேன், மறுபடியும் எழுதுகிறேன்: கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

2019இல் வந்த மட் என்ற தரநிலையில், சாதனமே "எனக்கு இந்தச் சர்வர் மட்டும் போதும்" என்று நெட்வொர்க்கிடம் சொல்லும். மற்ற வழிகளை நெட்வொர்க் அடைத்துவிடும். வீட்டு ரவுட்டர்களுக்கு இது வர வேண்டும் என்று நான் வெகுநாளாகக் காத்திருக்கிறேன்.

தர்மபுரி வாசகர்: சொட்டுநீர் வால்வுகளை மொபைல் ஆப்பில் இயக்குகிறேன். நெட் போன அன்று வால்வு திறக்கவே இல்லை, நாற்று வாடிவிட்டது. நெட்வொர்க்கை எப்படிப் பலப்படுத்துவது?

நாற்று வாடியதற்கு வருந்துகிறேன். ஆனால் இதில் நெட்வொர்க் மேல் பழி போடாதீர்கள். உங்கள் வால்வுக்கும் ஈர சென்சாருக்கும் நடுவே 30 மீட்டர் இருக்கும். அந்த 30 மீட்டரைக் கடக்க உங்கள் கட்டளை எங்கோ ஒரு டேட்டா சென்டருக்குப் போய்த் திரும்புகிறது. சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும் வழியில் ஏதோ ஒன்று என்றாவது அறுந்தே தீரும். அந்த நாளில் செடிக்குத் தண்ணீர் உண்டா என்பதைச் சாதனத்தை வடிவமைத்தவர் யோசித்திருக்க வேண்டும்.

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. வீட்டு மேல்தொட்டிக்கு மட்டம் பார்க்கும் கருவி வாங்கினேன். தொட்டி நிறைந்தால் மோட்டார் நிற்க வேண்டும், அவ்வளவே வேலை. அந்த முடிவையும் அது சர்வரிடம் கேட்டுத்தான் எடுக்கிறது என்று ஒரு இரவு தெரிந்தது. விற்றவருடைய சர்வர் நின்றது. தொட்டி வழிந்து மாடிப்படியெல்லாம் தண்ணீர். மிதவை சுவிட்ச் ஒன்று வாங்கி அன்றைக்கே மாட்டினேன்.

உலகம் முழுக்க இதே கதைதான். ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை 2014இல் நெஸ்ட் நிறுவனம் வாங்கி, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய பெட்டி வெறும் பெட்டியாயிற்று. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற வீட்டு சாதன நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் இருண்டன. ஆனால் அந்த வீடுகளில் சுவர் சுவிட்சும் விளக்கும் தமக்குள் நேரே பேசிக்கொண்ட இணைப்புகள் தொடர்ந்து வேலை செய்தன. அப்புறம் பயனர்கள் சிலரே சேர்ந்து நிறுவனத்தை வாங்கி மீட்டார்கள்.

கணினி ஆய்வாளர்கள் சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1980களில் இணையத்துக்குச் சொன்னது இதுதான்: சரியாக நடந்ததா என்று உறுதி செய்யும் பொறுப்பு முனையில் இருக்க வேண்டும், நடுவில் இருப்பதை நம்பி விடக் கூடாது. இன்று எட்ஜ், ஃபாக் (சாதனத்திலோ அதன் பக்கத்திலோ கணக்கிடுவது) என்று புதுப் பெயரோடு அதே யோசனை திரும்பி வந்திருக்கிறது. வீட்டு சாதனங்களுக்காக 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் தரநிலையும் வீட்டுக்குள் கட்டளை வீட்டு நெட்வொர்க்கிலேயே போகும்படி அமைந்தது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதுதான்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. அட்டவணையும் ஈர வரம்பும் வால்வுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். கடிகார சிப்புக்கு ஒரு பட்டன் பேட்டரி வேண்டும். நெட் இருந்தால் அளவை அனுப்பட்டும், அட்டவணையை மாற்றட்டும். இல்லாவிட்டால் நேற்றைய அட்டவணைப்படி தண்ணீர் விடட்டும். அதிகபட்சம் இத்தனை நிமிடம்தான் திறந்திருக்கலாம் என்ற பூட்டும் பெட்டியிலேயே வேண்டும், இல்லையென்றால் திறந்த வால்வு திறந்தபடியே கிடக்கும். புதிதாக வாங்கும்போது கடையிலேயே ரவுட்டரை அணைக்கச் சொல்லிச் சாதனத்தை ஓட்டிப் பாருங்கள். மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

மதுரை வாசகர்: பேட்டரி பல வருடம் வரும் என்றார்கள். ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்னக் கணினி சிப்) போர்டில் பத்து நாளில் தீர்ந்துவிட்டது.

சிப் தூங்குகிறது, போர்டு தூங்கவில்லை. சிப்புக்கு ஆழ்தூக்கத்தில் 10 மைக்ரோஆம்பியர் போதும். போர்டில் உள்ள விளக்கு, யுஎஸ்பி சிப், ரெகுலேட்டர் சேர்ந்து 10 மில்லிஆம்பியர் இழுத்தால் 2,500 எம்ஏஹெச் பேட்டரி 250 மணி நேரம், அதாவது பத்து நாள். உங்கள் கணக்கு சரியாகவே ஒத்துப்போகிறது. வெறும் மாட்யூலை வாங்கித் தனி போர்டில் பொருத்துங்கள்.

சாதனம் செய்தி அனுப்ப எம்க்யூடிடி முறையா, கோஏபி முறையா?

எத்தனை பைட், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று நீங்களும் எழுதவில்லை. பொதுவாக, கரன்ட் இருந்து இணைப்பைத் திறந்தே வைக்க முடிந்தால் எம்க்யூடிடி. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க 1999இல் பிறந்தது அது. தூங்கி எழுந்து ஒரு சொல் சொல்லிவிட்டு மறுபடி தூங்கும் சாதனத்துக்கு கோஏபி. இரண்டிலும் குறியாக்கம் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

மோட்டார் ஸ்டார்ட்டருக்கு 2ஜி சிம் போதுமா?

ஏற்கெனவே ஓடுவது ஓடட்டும். புதிதாக 2ஜி வாங்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா 2016 இறுதியில் 2ஜியை மூடியது, சிங்கப்பூர் 2017இல். மோட்டார் சாதனம் பத்து வருடம் கிடக்கும் பொருள். 4ஜி கேட்-1 (சாதனங்களுக்கான குறைந்த வேக 4ஜி) மாட்யூல் எடுங்கள். 5ஜி இதற்குத் தேவையில்லை.

சிம் எண் 13 இலக்கமாக இருக்கிறது. போலியா?

இல்லை. எந்திரங்களுக்கான சிம்முக்கு அதுதான் முறை.

திருப்பூர் வாசகர்: பின்னலாடை ஆலையில் 200 வைஃபை சென்சார்கள். கரன்ட் போய் வந்தால் பாதி சென்சார்கள் அரை மணி நேரம் இணைவதில்லை. இன்னும் வேகமான நெட் பிளான் எடுக்கலாமா?

பிளானில் காசைப் போடாதீர்கள். கரன்ட் வந்த நொடியில் 200 சாதனமும் ஒரே வாசலில் முட்டுகின்றன. தோற்றவை எல்லாம் ஒரே இடைவெளியில் மறுபடியும் சேர்ந்தே முட்டுகின்றன. ஒவ்வொன்றும் எழுந்ததும் சீரற்ற ஒரு நேரம், 0 முதல் 120 விநாடிக்குள், காத்திருக்கும்படி நிரலை மாற்றச் சொல்லுங்கள். தோற்றால் இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டும். ரவுட்டருக்கும் ஆக்சஸ் பாயிண்டுக்கும் யுபிஎஸ் கொடுங்கள். 200 சாதனத்துக்கு ஒரே ஆக்சஸ் பாயிண்ட் என்றால் அதையும் பிரியுங்கள்.

கம்பம் வாசகர்: பூச்சிப் பொறியின் படத்தை லோராவில் தினமும் அனுப்ப முடியுமா? படம் 200 கேபி.

முடியாது. எஸ்எஃப்12இல் ஒரு செய்திக்கு 50 பைட் என்றால் 4,000 செய்திகள்; இடைவிடாமல் அனுப்பினாலும் மூன்று மணி நேரம், தினமும் இப்படி என்றால் பேட்டரியும் வெகுநாள் தாங்காது. படத்தைப் பொறியிலேயே வைத்துக்கொண்டு, பூச்சிகளை அங்கேயே எண்ணி எண்ணிக்கையை மட்டும் அனுப்புங்கள். ஒரு நாளில் 255ஐத் தாண்டாது என்றால் ஒரே ஒரு பைட் போதும்.