கொலோனோஸ்கோபி நார்மல் என்று வந்த பிறகும் அம்மாவுக்கு மேனோமெட்ரி தேவையா?

மேலூரில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 58 வயது. பல ஆண்டுகளாக மலச்சிக்கல். கொலோனோஸ்கோபியிலும் தைராய்டு, சர்க்கரை, கால்சியம் பரிசோதனைகளிலும் குறை ஏதும் இல்லை. அப்படியிருக்க, மருத்துவர் மேனோமெட்ரியும் (ஆசனவாய்த் தசைகளின் அழுத்தத்தை அளப்பது) டெஃபிகோகிராபியும் (மலம் வெளியேறும் விதத்தைப் படமெடுப்பது) எழுதிக் கொடுத்திருப்பது அவசியம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் ஒரு மருத்துவமனையின் குடல்நோய்ப் பிரிவில் இந்தப் பரிசோதனைகளுக்கு உடனிருக்கும் செவிலியர் நான். அவசியம் என்றே சொல்வேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிட வேண்டியதில்லை.

கொலோனோஸ்கோபி குடலின் உட்சுவரில் புண்ணோ கட்டியோ இருக்கிறதா என்று காட்டும். முக்கும்போது தசைகள் என்ன செய்கின்றன என்பதை அது காட்டாது. மலக்குடலைப் பின்புறமாகச் சுற்றி முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கும் ப்யூபோரெக்டாலிஸ் என்ற தசை, அந்த இடத்தை ஏறக்குறைய செங்கோணத்துக்கு மடித்து வைத்திருப்பதும் நம்மால் மலத்தை அடக்க முடிவதற்கு ஒரு காரணம். முக்கும்போது அது தளர்ந்து, மடிப்பு நிமிர வேண்டும். சிலருக்கு அந்த நேரத்தில் அது இறுகிக்கொள்கிறது; ஒரு கையால் கதவைத் தள்ளிக்கொண்டே மறு கையால் தாழ்ப்பாள் போடுவது போன்ற நிலை இது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா, "வாசல் வரைக்கும் வந்து நின்னுக்கிருதும்மா" என்று சொன்னார். இசப்கோலும் லாக்டுலோஸும் மலத்தை இளக்கும். இறுகும் தசையைத் தளர்த்தாது.

மேனோமெட்ரியில், அழுத்தத்தை அளக்கும் உணரிகள் பொருத்திய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாக வைத்து, இறுக்கச் சொல்வோம், இருமச் சொல்வோம், முக்கச் சொல்வோம். மயக்க மருந்து கிடையாது. முன்னதாக ஒரு சிறிய இனிமா கொடுப்பது வழக்கம். இ.எம்.ஜி. என்பது தசையின் மின்னசைவைப் பதிவு செய்வது; முக்கும்போது அந்தக் கோடு தாழ வேண்டும், உயர்ந்தால் தசை எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அதன் பிறகு, 50 மில்லி தண்ணீர் நிரப்பிய சிறு பலூனை மலக்குடலில் வைத்து, தனியாகக் கழிப்பறை இருக்கையில் அமர்ந்து வெளியேற்றச் சொல்வோம். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் வெளியேறிவிட வேண்டும். பார்வைக்கு மிக எளிதான இந்தச் சோதனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இதில் உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. இடப்பக்கமாகப் படுத்துக்கொண்டு, அறிமுகமில்லாதவர்கள் நிற்கும் அறையில் முக்கச் சொன்னால், எந்தக் குறையும் இல்லாதவர்களிலும் கணிசமானோருக்குத் தசை இறுகத்தான் செய்கிறது. அதனால்தான் குடல் செயல்பாட்டுக் கோளாறுகளைக் கண்டறிய சர்வதேச நிபுணர் குழு வகுத்து 2016-இல் வெளிவந்த ரோம் 4 வரையறை, பலூன் சோதனை, மேனோமெட்ரி அல்லது இ.எம்.ஜி., படச் சோதனை ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும் என்கிறது. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து நோயின் பெயரை முடிவு செய்துவிடாதீர்கள்.

முதல் இரண்டும் முரண்பட்டாலோ, குடல் இறக்கம், மலக்குடல் முன்புறம் புடைத்தல் போன்றவற்றில் சந்தேகம் இருந்தாலோ டெஃபிகோகிராபி செய்யலாம். பேரியம் கலந்த பசையை மலக்குடலில் செலுத்தி, இருக்கையில் அமர்ந்து வெளியேற்றும்போது எக்ஸ்ரே படமாக எடுப்பது ஒரு வகை. எம்.ஆர்.ஐ. வகையில் கதிர்வீச்சு இல்லை, சுற்றியுள்ள தசைகளும் தெளிவாகத் தெரியும். ஆனால் பெரும்பாலும் படுத்தபடியே செய்ய வேண்டியிருக்கும். பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்குச் சிறிய புடைப்பு தொந்தரவே இல்லாமல் இருக்கும் என்பதால், படத்தில் அதைக் கண்டதும் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்துவிட வேண்டாம்.

தசைதான் காரணம் என்று உறுதியானால் சிகிச்சை பயோஃபீட்பேக். அதே உணரிகளின் கோட்டைத் திரையில் பார்த்துக்கொண்டே, வயிற்றை அழுத்தவும் ஆசனவாயைத் தளர்த்தவும் பழகுவது அது. பத்தில் ஏழு பேர் வரை இதில் நல்ல முன்னேற்றம் காண்கிறார்கள். ஆகவே ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தோடு நிற்காமல் கோட்டுப் பதிவுகளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பயிற்சி தருபவருக்கு அது வேண்டும். நாள் குறிக்கும்போதே பெண் ஊழியர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கூச்சத்தில் உங்கள் அம்மா பாதியாக முக்கினால், வரும் முடிவும் பாதிதான். இடையில் இரத்தம் வந்தாலோ எடை குறைந்தாலோ, குறித்த நாளுக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.