வாப்பா கால்ல இருந்து மெஷினை எடுங்க

வேதாளையில இருந்து லெட்டர் எழுதின தங்கச்சிக்கு, முதல்ல அந்த கரண்ட் மசாஜ் மெஷினை வாப்பா கால்ல இருந்து எடுத்துட்டு வாங்க, மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

கரண்ட் ஏறி ஹார்ட் நின்னுருமோன்னுதான் நீங்க தூங்காம கிடக்கீங்க. பேட்டரில ஓடுற மெஷின்ல கரண்ட் தோல்ல ஒட்டுற ரெண்டு பேடுக்கும் நடுவுலதான் ஓடும், கெண்டைக்கால்ல ஒட்டினதுக்கு ஹார்ட் நிக்காது. ஹார்ட் துடிப்புக்காக உள்ள பேஸ்மேக்கர் கருவி வச்சவங்க மட்டும் டாக்டரை கேக்காம தொடவே கூடாது. நரம்பு செத்துரும், பழகிட்டா விடாதுன்னு வீடியோவுல பாத்ததையெல்லாம் தூக்கிப் போடுங்க.

எனக்கு பதறினது கடைசில போறபோக்குல எழுதின வரிதான். திருக்கை மீன் முள் குத்தி 3 வாரமா கட்டில்லயே கிடக்காரு, அந்த ஒரு கால் மட்டும் கெண்டை வீங்கி சூடா இருக்கு, அதுக்கு மச்சான் சவூதில இருந்து அனுப்பின மெஷினை தினம் வைக்கிறோம்னு எழுதிருக்கீங்க. அசையாம கிடக்கிற காலோட உள் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாகலாம்மா, தசையை சுருக்கி சுருக்கி விடும்போது அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்கு போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. எண்ணெய் போட்டு உருவவும் கூடாது. ஒருவேளை முள்ளு துண்டு உள்ள ஒடிஞ்சு கிடந்து சீழ் வச்ச வீக்கமாவும் இருக்கலாம், எதுன்னு லெட்டரை பாத்து நானும் சொல்ல முடியாது மச்சானும் சொல்ல முடியாது. இன்னைக்கே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயி, காலுக்கு டாப்ளர் ஸ்கேன், அதான் ரத்தம் ஓடுறதை பாக்குற ஸ்கேன், வேணுமான்னு வாய்விட்டு கேளுங்க. திடீர்னு மூச்சு வாங்குனாலோ, நெஞ்சு குத்துனாலோ, இருமல்ல ரத்தம் வந்தாலோ ஒரு நிமிஷம் யோசிக்காம 108.

கால் சரியானப்புறம் இடுப்பு வலிக்கு வைக்கலாமான்னா, பாக்குற டாக்டர் சரின்னா வைக்கலாம். ஆனா சுகர்ல பாதம் மரத்துப் போச்சுன்னீங்களே, அங்க வேண்டவே வேண்டாம், தோல் வெந்தாலும் அவருக்கு உறைக்காது. நெஞ்சு, தொண்டை, புண்ணு மேலயும் கூடாது. கடலுக்கு போயிட்டு வந்த உப்புத் தோல்ல அப்படியே ஒட்டாம கழுவி ஈரம் போக துடைச்சிட்டு ஒட்டுங்க, பேடு ஓரம் தூக்கிட்டா மாத்திருங்க, ஒட்டியிருக்கிற கொஞ்ச இடத்துலயே மொத்த கரண்டும் இறங்கி சுட்டுரும். போட்டுட்டு தூங்கவும் கூடாது.

ஆஸ்பத்திரிக்கு போகும்போது மெடிக்கல்ல கேட்டு வாங்கி முழுங்குறாரே, அந்த வலி மாத்திரை அட்டையை மறக்காம கொண்டுபோய் காட்டுங்க. ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுக்க வேண்டி வந்தா ரெண்டும் சேர்ந்து வயித்துல ரத்தக்கசிவு ஆகலாம்.